மருந்து கேளாத வெள்ளை ரோஜா

மலர்களின் அரசி என்று ரோஜாவைப் போற்றாதார் இலர். ஆயினும் அரசியை வீட்டில் குடிவைத்தால் பணிவிடை செய்ய ஆள் வேண்டும் என்பதையும் நாம் அறிவோம். வாரந்தோறும் மருந்து தெளிக்க வேண்டும். மாதந்தோறும் உரமிட வேண்டும். வாடிய பூவைக் கிள்ள வேண்டும். பருவம் தவறாமல் கவாத்துச் செய்ய வேண்டும். "ரோஜாச் செடி வளர்ப்பதைவிட ஒரு கைக்குழந்தையை வளர்த்துவிடலாம்" என்று அலுத்துக்கொள்ளும் தாய்மாரை எல்லாப் பங்குகளிலும் காணலாம்.

அந்த அலுப்பு வெறும் சோம்பல் அன்று. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாக வெளியூர் சென்றுவிட்ட பின்னர், வயது முதிர்ந்த தாயும் தந்தையும் மட்டுமே இருக்கும் இல்லங்கள் இன்று பல. குனிந்து களை பறிக்க இடுப்பு இடம் தருவதில்லை. பூச்சிமருந்துப் புட்டியைப் பேரப்பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வைப்பதும் ஒரு கவலை. முடிவில் என்ன நேர்கிறது? செடிகளைப் பிடுங்கிவிட்டு முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிடுகிறோம். மழை நீர் மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. கோடையில் வீடு அனலாகக் கொதிக்கிறது.

ரோஜா என்றாலே இத்தனை தொல்லைதானா? அன்று. நிமிர்ந்து நின்று ஒற்றைப் பூவை ஏந்திக்காட்டும் ரோஜாவுக்கு ஓர் எளிய உறவுக்காரி இருக்கிறாள். தரையோடு படர்ந்து, கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூக்களைச் சொரிந்து, மருந்தும் மாதாந்தர உரமும் கேளாமல் பல்லாண்டு வாழும் குலம் அது. மேனாட்டுத் தோட்டங்களில் இதனைத் தரைமூடி ரோஜா என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். நாம் தரை படரும் ரோஜா என்போம். அதன் பிறப்பையும், நோய்க்கு அது அஞ்சாத காரணத்தையும், நடும் முறையையும், அதனால் ஆகாத காரியங்களையும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

கல்லறைமேல் படர்ந்த கொடி

ஜப்பான், கொரியா, சீனத்தின் கிழக்குப் பகுதி ஆகிய நாடுகளின் கடற்கரையோரங்களில் ஒரு காட்டு ரோஜா மணலிலும் பாறையிலும் படர்ந்து கிடக்கிறது. இலைகள் சிறியன, எண்ணெய் தடவினாற்போல் பளபளப்பன. பூக்கள் ஐந்தே இதழ் கொண்ட வெண்பூக்கள். நடுவில் மஞ்சள் மகரந்தம். நல்ல மணமும் உண்டு. கிளைகள் நிலத்தைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விட்டு மேலும் நகர்ந்து செல்லும்.

1859 இல் பிரஷ்ய நாட்டு அரசு கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் மாக்ஸ் விக்குரா என்னும் தாவர ஆராய்ச்சியாளர் சென்றார். வழக்கறிஞர் தொழிலுக்குப் பயின்றவர். செடி கொடிகளின்மேல் தீராத பற்றுடையவர். அவர் 1866 இல் மறைந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1886 இல், பெல்ஜிய நாட்டு அறிஞர் பிரான்சுவா கிரேப்பன் இந்த ரோஜாவுக்கு அவருடைய பெயரைச் சூட்டினார். 'ரோசா விக்குரயானா' என்பது அப்பெயர். தம் பெயரைத் தாங்கிய ரோஜா உலகெங்கும் பரவப்போவதை அவர் கண்டாரில்லை.

அமெரிக்காவுக்கு அக்கொடி சென்றபோது அதனை எங்கே நட்டனர் என்பதுதான் நம் கவனத்துக்கு உரியது. மாளிகைத் தோட்டங்களில் மட்டுமா? இல்லை. கல்லறைத் தோட்டங்களிலும் நட்டனர். அந்நாட்டில் அதற்கு வழங்கும் பெயரே 'மெமோரியல் ரோஸ்', அதாவது நினைவு ரோஜா. இறந்தோரின் உறவினர் நாள்தோறும் வந்து நீர் வார்க்க இயலாது. ஆண்டுக்கு ஒரு முறை, கல்லறைத் திருநாளை ஒட்டி மட்டும் புல் செதுக்கி வெள்ளையடிக்கும் நம் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். யாரும் வராத நாட்களிலும் மண்ணை மூடிக்கொண்டு, மேட்டின்மேல் பசுமை மாறாமல் கிடக்கக்கூடிய செடி எதுவோ அதுவே அங்கு வேண்டும். அத்தேர்வில் இந்தக் காட்டுக்கொடி தேறியது.

ஆனால் ஒரு குறை இருந்தது. அது ஆண்டுக்கு ஒரு முறை, கோடையில் சில வாரங்கள் மட்டுமே பூக்கும்.

ஒரு மருத்துவரின் ஆசை

அக்குறை நீங்கிய கதையில் வால்டர் வான் பிளீட் என்னும் அமெரிக்கருக்கு முதலிடம் உண்டு. அவர் மருத்துவம் பயின்றவர். பின்னர் அத்தொழிலை விட்டுச் செடிகளை இனக்கலப்புச் செய்யும் பணியில் இறங்கி, அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையிலும் பணியாற்றினார். செல்வர் வீட்டுத் தோட்டக்காரனை நம்பியிராமல், சாதாரண வீட்டு வாசலில் தானாகவே செழிக்கும் ரோஜாவை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாசல் ரோஜா என்றே அவர் அதனைக் குறிப்பிட்டார். மருந்து கொடுக்கக் கற்றவர் மருந்து வேண்டாத செடியைத் தேடினார்.

அவருடைய பெயரையே தாங்கி 1910 இல் வெளிவந்த ஏறு ரோஜா ஒன்றின் உடலில் மேற்சொன்ன விக்குரயானாவின் இரத்தம் ஓடியது. (செடிக்கு இரத்தமா என்று கேட்க வேண்டாம், ரோஜா வளர்ப்போர் அப்படித்தான் பேசுவர்.) அதுவும் ஆண்டுக்கு ஒரு முறையே பூத்தது. ஆனால் அச்செடியில் இயற்கையாகவே நேர்ந்த ஒரு மாற்றத்தால், மீண்டும் மீண்டும் பூக்கும் கிளை ஒன்று தோன்றியது. 'நியூ டான்' என்னும் பெயரில் 1930 இல் அது விற்பனைக்கு வந்தது. 1931 ஆகஸ்டு 18 ஆம் நாள் அதற்கு அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. உலகிலேயே ஒரு செடிக்கு வழங்கப்பட்ட இத்தகைய முதற் காப்புரிமை அதுவே. அதன் எண்ணும் ஒன்று.

'நியூ டான்' ரோஜாவின் வழியில் 1949 இல் 'வைட் டான்' என்னும் வெள்ளை ஏறு ரோஜா பிறந்தது. அதையும் 'பினோக்கியோ' என்னும் கொத்து ரோஜாவையும் மீண்டும் மீண்டும் கலந்து, எர்னஸ்டு சுவார்ட்ஸ் என்பவர் உருவாக்கியதே 'சீ ஃபோம்'. கடல் நுரை என்பது பொருள். 1963 இல் ரோம் நகரில் நடந்த ரோஜாப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்று, 1964 இல் விற்பனைக்கு வந்தது. அரை மீட்டருக்குச் சற்று மேல் உயரம். ஒன்றரை மீட்டரும் அதற்கு மேலும் அகலம். பாலேடு போன்ற வெண்மை. குளிர் நாட்களில் மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல். ஒரு சரிவில் இது பூத்துத் தாழ்ந்து கிடக்கும் காட்சிக்கு அப்பெயர் முற்றிலும் தகும்.

நோய் எங்கிருந்து வந்தது?

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். கடைகளில் நாம் வாங்கும் பெரிய பூ ரோஜாக்கள் ஏன் இப்படி நோயாளிகளாக இருக்கின்றன? அதற்கு நிறத்தின்மேல் மனிதர் கொண்ட மோகம் ஒரு காரணம். ஐரோப்பியத் தோட்டங்களில் பளிச்சென்ற மஞ்சள் ரோஜா இல்லாதிருந்த காலத்தில், பிரான்சு நாட்டு லியோன் நகரத்து பெர்னே டூஷே என்பவர் பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து 1900 இல் 'சொலேய் டோர்' என்னும் வகையை வெளியிட்டார். மஞ்சளும் செம்மஞ்சளும் ரோஜாக் குலத்தில் புகுந்தன. அவற்றோடு கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும் இயல்பும் புகுந்தது. நிறத்தைப் பார்த்துச் சம்பந்தம் செய்தவர்கள் உடல்நலத்தைப் பார்க்கத் தவறினார்கள் எனலாம்.

கரும்புள்ளி நோய் ஒருவகைப் பூஞ்சணத்தால் வருவது. அதன் வித்து இலையில் விழுந்தவுடன் நோய் பற்றிவிடுவதில்லை. இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அது உள்ளே நுழைய முடியும். இந்த ஒரு செய்தியை அறிந்துகொண்டால் போதும், மருந்துப் புட்டியின் தேவை பாதியாகக் குறைந்துவிடும். மாலையில் செடியின் தலைமேல் நீர் தெளிப்போர் இரவெல்லாம் இலையை ஈரமாக வைத்து நோயை வரவேற்கின்றனர். காலையில், வேரடியில் மட்டும் நீர் வார்க்க வேண்டும். காலை வெயில் முதலில் படும் இடத்தில் செடி இருந்தால் பனியும் விரைந்து உலர்ந்துவிடும். தரையில் விழுந்த நோயுற்ற இலையிலிருந்து மழைத்துளி தெறித்து வித்து மேலேறாதபடி மூடாக்கு இட்டுவைப்பது மற்றொரு காவல்.

மிச்சப் பாதியைச் செடியின் பிறவிக்குணம் பார்த்துக்கொள்ள வேண்டும். விக்குரயானா வழிவந்த பளபளப்பான இலைகளுக்கு அந்தக் குணம் பெரும்பாலும் உண்டு. ஆனால் 'நோய் தாங்கும்' என்று விற்பவர் சொன்னால் மட்டும் போதுமா?

ஜெர்மனியில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வில்ஹெல்ம் கோர்டஸ் என்னும் ரோஜா வளர்ப்பாளரின் முயற்சியால் தொடங்கப்பெற்ற ஏ.டி.ஆர். என்னும் பொதுச் சோதனை அது. நாட்டின் வெவ்வேறு தட்பவெப்பமுள்ள தோட்டங்களில் மூன்றாண்டுகள் செடியை நட்டுப் பார்த்து மதிப்பெண் இடுகின்றனர். 1997 முதல் அத்தோட்டங்களில் எந்த மருந்தும் தெளிப்பதில்லை. ஒரு முறை பட்டம் பெற்ற செடியும் பின்னாளில் நோய்க்கு ஆட்பட்டால் பட்டம் பறிக்கப்படும். இது மிகவும் நேர்மையான முறை என்பது நம் கருத்து. பூஞ்சணமும் உயிருள்ளதன்றோ? அதுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று நோய் தாங்கும் செடி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தாங்கும் என்று எழுதிக் கொடுக்க எவராலும் இயலாது.

இச்சோதனையில் 1991 இல் தேறியது வெர்னர் நோவாக் உருவாக்கிய 'ஷ்னேஃப்ளோக்கே' என்னும் வெள்ளை ரோஜா. பனித்திவலை என்று பொருள். பிற நாடுகளில் 'வைட் ஃப்ளவர் கார்ப்பெட்' என்று விற்கப்படுவது இதுவே. தூய வெண்மை, நடுவில் மஞ்சள் மகரந்தம், வாடிய இதழைத் தானே உதிர்த்துவிடும் குணம். 'சீ ஃபோம்' போல நெடுந்தூரம் படராது. முக்கால் மீட்டர் அளவில் புதராக நிற்கும். டென்மார்க்கின் போல்சன் குடும்பத்தாருடைய 'கென்ட்', நியூசிலாந்தில் சாம் மக்ரெடி உருவாக்கிய 'ஸ்னோ கார்ப்பெட்' ஆகியவையும் வெள்ளையே. பின்னது முழந்தாள் உயரம்கூட வளராத குட்டிச் செடி, தொட்டிக்கு ஏற்றது.

டெக்சாசு தரும் பாடம்

ஜெர்மனியோ குளிர்நாடு. கொளுத்தும் வெயிலில் இவை நிற்குமா என்று கேட்போருக்கு அமெரிக்காவின் டெக்சாசு மாநிலம் விடை தருகிறது. டாலஸ் வட்டாரத்தின் களிமண்ணும் கோடை வெயிலும் பெயர்பெற்றவை. அங்கு டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தார் 1990-களில் ரோஜா வகைகளை நட்டு, உரமும் மருந்தும் அறவே இன்றி வளர்த்துப் பார்த்தனர். தேறியவற்றுக்கு 'எர்த்-கைண்ட்' என்னும் முத்திரை வழங்கப்பட்டது. அப்பட்டியலில் நம் 'சீ ஃபோம்' இடம்பெற்றிருக்கிறது.

அச்சோதனையின் உள்ளே நுழைந்து பார்த்தால் உண்மை புலப்படும். செடியைச் சும்மா குழி தோண்டி நட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. நடுவதற்கு முன் பாத்தி முழுவதும் மூன்று அங்குல உயரத்துக்கு நன்கு மக்கிய தாவர உரத்தைப் பரப்பி, மண்ணோடு ஆழமாகக் கலந்தனர். களிமண் இறுகாதிருக்க, சூளையில் சுட்டுப் பொரித்த ஒருவகைக் கல்லையும் சேர்த்தனர். நட்ட பின் மூன்று அங்குல மூடாக்கு. அது மக்க மக்க மேலே புதிதாக இட்டுவந்தனர். செடிக்கு அதுவே உணவு. முதலாண்டு தவறாமல் நீர். அதன்பின் நீரும் மிகக் குறைவு.

ஆகவே குறைந்த உழைப்பு என்று நாம் சொல்லும்போது, உழைப்பே இல்லை என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். பத்தாண்டுகளில் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதியை முதல் ஆறு மாதத்தில் செய்துவிடுகிறோம். இதற்கு மகனோ பேரனோ விடுமுறையில் வந்திருக்கும் நாட்களைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

அறுகும் கோரையும்

அந்த ஆறு மாத வேலையில் முதன்மையானது களை ஒழிப்பு. இதைப்பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் இந்த ரோஜாவை நட்டுக் கைவிட்டவர்களில் பலர் நோயால் தோற்கவில்லை, புல்லால் தோற்றார்கள்.

'தரையை மூடும்' என்ற சொல்லைக் கேட்டு, களையையும் அதுவே அமுக்கிவிடும் என்று எண்ணிவிடுகிறோம். முதல் இரண்டாண்டுகளில் அதற்கு அந்த வலிமை இல்லை. கிளைகளுக்கிடையே வெயில் புகும். வெயில் புகும் இடத்தில் புல் முளைக்கும். டெக்சாசுத் தோட்டக்காரரின் தீராப் பகை எது தெரியுமா? அவர்கள் பெர்முடா புல் என்பது நம்முடைய அறுகம்புல்லேதான். வேலியோரத்தில் ஆடு மேய்ந்தும் அழியாத அறுகு, முள் அடர்ந்த ரோஜாவுக்குள் புகுந்துவிட்டால் எவர் கையை விட்டுப் பிடுங்குவது? 'சீ ஃபோம்' செடியின் முள் மெல்லிய முள் அன்று, சட்டையையும் கிழிக்கும்.

எனவே நடுவதற்கு முன்பே நிலத்தை ஒரு பருவம் காயப்போட வேண்டும். மண்வெட்டியால் ஆழக் கொத்தி, அறுகின் வேர்த்தண்டுகளையும் கோரைக்கிழங்கையும் கையால் பொறுக்கி வெளியே எறிய வேண்டும். கோடை உச்சத்தில் நிலத்தை நனைத்து, ஒளி புகும் பிளாஸ்டிக் தாளால் ஆறு வாரம் இறுக மூடிவைத்தால், மேல் மண்ணிலுள்ள களை விதைகள் வெந்து சாகும். கோரைக்கிழங்கு அதற்கும் தப்பிவிடும் என்பதால் மறுபடி முளைப்பதைப் பார்த்துப் பார்த்துக் கிழங்கோடு எடுக்க வேண்டும். இரண்டு முறை நீர் விட்டும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால்தான் நிலம் ஆயத்தமாயிற்று என்று கொள்ளலாம். இதில் அவசரப்படுவோர் பின்னர் ஆண்டுக்கணக்கில் கையில் தையல் போட்டுக்கொள்ள நேரிடும்.

மூடாக்கு இரண்டாவது காவலன். அமெரிக்கர் மரக்கிளைகளைத் துண்டாக்கி இடுகின்றனர். காய்ந்த இலைச்சருகு, நிலக்கடலைத் தோல், மக்கிய தென்னை நார்க்கழிவு எதுவாயினும் அதே வேலையைச் செய்யும். தண்டோடு ஒட்டக் குவிக்காமல் நான்கு விரற்கடை விட்டுப் பரப்ப வேண்டும்.

ஒட்டா, சொந்த வேரா?

செடி வாங்குகையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலான ரோஜாக்கள் வேறொரு காட்டு ரோஜாவின் வேரில் ஒட்டுக் கட்டி விற்கப்படுகின்றன. நிமிர்ந்து நிற்கும் செடியில், வேரிலிருந்து கிளம்பும் காட்டுத்துளிரை எளிதில் கண்டு நீக்கிவிடலாம். தரையோடு படரும் செடியில் அது எப்படி முடியும்? எது நல்ல கிளை, எது காட்டுக் கிளை என்று தெரிவதற்குள் காட்டுச்செடி மற்றதை விழுங்கிவிடும். ஆகவே படரும் ரோஜாவைப் போத்து நட்டு, சொந்த வேரில் வளர்ந்த செடியாகவே வாங்க வேண்டும். விலை குறைவென்று ஒட்டுச் செடி வாங்குவதில் இங்கு இலாபம் இல்லை.

எத்தனை செடி வேண்டும்? மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். 'ஷ்னேஃப்ளோக்கே' போன்ற புதர் வகையைச் சதுர மீட்டருக்கு மூன்று வீதம் நட வேண்டும். பதினெட்டுச் செடி ஆகும். 'சீ ஃபோம்' ஆயின் நான்கே செடி போதும், ஆனால் இடம் மூடுவதற்கு ஓராண்டு கூடுதலாகப் பொறுத்திருக்க வேண்டும். கைப்பொருளுக்கும் பொறுமைக்கும் ஏற்ப அவரவர் முடிவு செய்யலாம். எதுவாயினும் நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் கட்டாயம். மாமர நிழலில் நட்டுவிட்டு ரோஜாவைக் குறை கூறுவது முறையன்று.

கவாத்து மிக எளிது. மொட்டுக்கு மேல் சாய்வாக வெட்டும் நுட்பமெல்லாம் இதற்கு வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை வேலி கத்தரிக்கும் பெரிய கத்தரியால் மேலாக மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, பட்ட கிளைகளை எடுத்துவிட்டால் போதும்.

வெண்மையின் குறைகள்

நிறத்தைப்பற்றியும் ஒளிக்காமல் கூறிவிடுவோம். அந்தி மயங்கும் வேளையில் சிவப்பு கண்ணுக்கு மறைந்துவிடும். வெள்ளை மட்டும் நின்று ஒளிவிடும். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்புவோருக்கு வெள்ளைப் பூத்தான் பூ. ஆனால் வெள்ளை வேட்டிக்குள்ள கதிதான் இதற்கும். மழைத்துளி பட்டால் கறை, வாடினால் பழுப்பு. வெளிர்நிறப் பூக்களை நாடும் இலைப்பேன் இதழோரங்களைச் சுரண்டினால் அதுவும் அப்படியே தெரியும். ஆகவே மூக்குக்கு நேராக வைத்துப் பார்க்கும் இடத்தில் இதனை நட வேண்டாம். ஐந்தாறு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் சரிவு, கற்சுவரின் மேல்விளிம்பு, மண்வெட்டி செல்லாத மேட்டோரம் இவைதாம் இதற்கு உரிய இடங்கள்.

மாலை கட்டவும் குவளையில் வைக்கவும் இது உதவாது. காம்பு குட்டை, இதழ் விரைவில் உதிரும். பீடத்துக்குப் பூ வேண்டுவோர் வேறு செடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேலும் ஒன்று: வாசற்படியை ஒட்டியும், குழந்தைகள் ஓடியாடும் இடத்திலும் இதனை நடலாகாது. முள் ஒரு காரணம். அடர்ந்து தாழ்ந்த புதருக்குள் எலி புகுந்தால் அதைத் தேடிப் பாம்பும் வரும் என்பது மற்றொரு காரணம். மேனாட்டு நூல்களில் இதைப்பற்றி அதிகம் காணோம். நம் ஊரில் இதை மறக்க இயலாது.

டாலஸ் நகரத்தார் கற்ற இன்னொரு பாடமும் உண்டு. தொல்லை தராத ரோஜா கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் சாலையோரம், கடைவாசல், பூங்கா எங்கும் ஒரே மாதிரிச் செடிகளை ஆயிரக்கணக்கில் நட்டுத் தள்ளினார்கள். 2010-களில் ரோஜா ரொசெட் என்னும் நோய் அங்கு பரவியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் காற்றில் மிதந்து சென்று அதனைச் சுமக்கிறது. நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது 2011 இல்தான் உறுதியாயிற்று. கிளைகள் துடைப்பம்போல் கூடி, சிவந்து, முள் பெருகி, சில ஆண்டுகளில் செடி மடிகிறது. மருந்து இல்லை, வேரோடு பிடுங்குவதே வழி. கரும்புள்ளியை வென்ற ரோஜாக்களும் இதன்முன் நிற்கவில்லை. வரிசை வரிசையாக அவை பிடுங்கப்பட்டன. நாலு செடி ரோஜாவுக்கிடையே வேறு இனச் செடிகளையும் கலந்து நட்டிருந்தவர்களுக்கு இழப்பு குறைந்தது.

நம் மண்ணில்

டெக்சாசில் கோடை நம்மைப் போன்றது, குளிர்காலம் அப்படியன்று. அங்கு உறைபனி விழுந்து செடி ஓய்வெடுக்கிறது. நம் சமவெளியில் அந்த ஓய்வு இல்லை. மழைக்காலத்து ஈரமோ மிகுதி. ஆகவே அங்கு தேறியது சென்னையிலும் தூத்துக்குடியிலும் அப்படியே தேறும் என்று நாம் கூறமாட்டோம். கொடைக்கானல், உதகை, ஏற்காடு போன்ற மலையூர்களிலும், ரோஜாப் பயிருக்குப் பெயர்பெற்ற ஓசூர் வட்டாரத்திலும் இருப்போர் துணிந்து முயலலாம். சமவெளியில் உள்ளோர் முதலில் ஒரே ஒரு செடியை நட்டு, இரண்டு மழைக்காலம் பார்த்த பின் மேற்கொண்டு வாங்குவது நலம். கவாத்தை அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம்.

வெப்ப நாட்டுக்கென்றே ரோஜாவை உருவாக்கும் முயற்சி நம் கொடைக்கானலிலேயே நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்திய ஆட்சிப் பணியை விட்டு விலகிய எம். எஸ். வீரராகவன், தம் துணைவியாருடன் அங்கு குடியேறி, இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு புதிய வகைகளைப் படைத்தார். அவர் பயன்படுத்திய காட்டு ரோஜாக்களுள் ஒன்று 'ரோசா கிளைனோஃபில்லா'. வங்காளத்தின் ஆற்றோரங்களில் வெள்ளத்தில் மூழ்கியும் பிழைத்துக் கிடப்பது அது. அதன் பூவும் வெள்ளைதான். குளிர்நாட்டு ரோஜாவுக்கு விக்குரயானா கொடுத்த வலிமையை, நம் வெப்பநாட்டு ரோஜாவுக்கு இது கொடுக்கக்கூடும் என்பது அவருடைய எண்ணம்.

செடி ஒன்று கிடைத்து நன்கு பிடித்துக்கொண்டால் மேற்கொண்டு பணம் செலவிட வேண்டியதில்லை. 'சீ ஃபோம்' செடியின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது; எவரும் பெருக்கிக்கொள்ளலாம். மழை தொடங்கும் நாளில் நீண்ட கிளை ஒன்றைத் தரையோடு வளைத்து, ஒரு கணுவின் அடிப்பட்டையை இலேசாகச் சீவி, அவ்விடத்தை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். நுனி வெளியே நிற்கட்டும். மூன்று நான்கு மாதங்களில் கல்லை அகற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். கிளை எதிர்த்து நின்றால் வேர் பிடித்துவிட்டது. தாய்ச்செடியின் பக்கம் வெட்டிவிட்டு, மேலும் ஒரு மாதம் அங்கேயே விட்டுவைத்து, மண்கட்டி உடையாமல் தோண்டி எடுத்து, வேண்டிய இடத்திலோ அடுத்த வீட்டார் கேட்டால் அவர்கள் மேட்டிலோ நடலாம்.